ராஜநாயகம் ஸ்டுடியோவின் மாடி

1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டாம் புதன்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, மயிலாப்பூர் கச்சேரி சாலை ராஜநாயகம் போட்டோ ஸ்டுடியோவின் திரைச்சீலையில் வரைந்திருந்த மாடிப்படியில் ஏறி, ஸ்டுடியோக்காரரின் மனைவி மர்சலின் மேலே போய்விட்டாள். அவள் காலில் இருந்தது குதிகால் உயர்ந்த செருப்பு. அது டக் டக்கென்று பதினான்கு தடவை சத்தம் போட்டதைப் பக்கத்துக் கடையில் கைக்கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த உமர் ஃபாரூக் கேட்டிருக்கிறார். சீலையில் இருப்பதோ பதினொரு படிதான். மீதி மூன்று படியும் வளைவுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன என்று தெருக்காரர்கள் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

அந்தச் சீலை நாற்பத்தேழில் ஒரு நாடகக் கம்பெனிப் பெயிண்டர் வரைந்து கொடுத்தது. வெள்ளைச் சலவைக்கல் படிகள், வளைந்து ஏறும் கைப்பிடி, தொட்டியில் ஒரு பனைச்செடி, மேலே ரோஜா நிறத் திரை தொங்கும் ஒரு ஜன்னல், அதற்கும் பின்னால் நூல் பிடித்தாற்போல் ஒரு கீற்றுக் கடல். உண்மையில் ஸ்டுடியோ இருந்தது ஓட்டுக் கூரை போட்ட ஒற்றைக் கட்டடத்தில். அதற்கு மாடியும் கிடையாது, மாடி கட்டும் யோசனையும் யாருக்கும் கிடையாது. ராஜநாயகம் வாலிபத்தில் பார்த்த படங்களெல்லாம் நாற்பதுகளில் வந்தவை. அவற்றில் கதாநாயகர்கள் எப்படிக் கோட்டுப் போட்டார்களோ, எப்படி முடியைப் பின்னால் வாரி ஒரு நெளி வைத்தார்களோ, அதுதான் அவருக்கு அழகின் அளவுகோல். கறுப்புக் கோட்டு ஒன்றும் ஒயர் இல்லாத டெலிபோன் ஒன்றும் ஸ்டுடியோவில் எப்போதும் தயாராக இருக்கும். தேங்காய் வியாபாரி வந்தாலும் பாங்கு குமாஸ்தா வந்தாலும் கோட்டை மாட்டி, முகவாயைத் தூக்கச் சொல்லி, தூரத்தில் யாரோ வருவதுபோலப் பார்க்கச் சொல்லித்தான் படம் எடுப்பார். ரேடியோவில் புதுப் பாட்டு வந்தால் திருகி மூடிவிடுவார். நாற்பத்தொன்பதுக்குப் பிறகு மனிதர்களுக்கு உடுத்தத் தெரியாமல் போய்விட்டது என்பது அவர் தீர்மானம்.

மர்சலின் சாந்தோம்காரி. ஐம்பத்தொன்றில் கல்யாணம். குழந்தை இல்லை. முதல் கிறிஸ்துமஸுக்கு ராஜநாயகம் அவளுக்குப் பப் கை வைத்த ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதே தையற்காரர், அதே அளவு, அதே பப் கை. நெற்றியில் ஒரு சுருளை இறக்கிவிட்டு, காதுக்கு மேலே முடியை மடித்து, அவர் சொன்னபடி பதினெட்டு வருஷம் சீவினாள். பிரிண்டுகளின் கன்னத்தில் இளஞ்சிவப்பு தீட்டுகிற வேலை அவளுடையது. தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, அந்த வாசல் வழியாகக் காலம் போய்க்கொண்டிருந்தது. காலேஜ் பெண்கள் கோபுரம்போல் கொண்டை போட்டுக்கொண்டு போனார்கள். பையன்கள் ஒட்டின கால்சட்டையில், தோளில் டிரான்சிஸ்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு, பாட்டோடு வந்து பாட்டோடு போனார்கள். புடவைக்கு ஏற்ற நிறத்தில் பிளாஸ்டிக் வளையல், அதே நிறத்தில் பொட்டு, அதே நிறத்தில் கைப்பை. மர்சலின் தூரிகையை நனைத்து அடுத்த கன்னத்துக்கு இளஞ்சிவப்பு தீட்டினாள்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள் அவள் தங்கை லூயிசாவோடு பஸ் ஏறித் தியாகராய நகர் போனாள். லூயிசா கான்வென்டில் கணக்கு டீச்சர், பயப்படத் தெரியாதவள். ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய வெள்ளைப் பூப் போட்ட நைலான் புடவை, கையில்லாத ரவிக்கை, குதிகால் செருப்பு எல்லாம் வாங்கினார்கள். மறுநாள் காலை லூயிசாவே அக்காவின் தலையில் உள்ளே சவுரி வைத்து ஒரு முழ உயரத்துக்குக் கொண்டை கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். மர்சலின் ஸ்டுடியோவுக்கு வந்து சீலைக்கு முன்னால் நின்றாள்.

“என்னங்க, என்னை ஒரு போட்டோ எடுங்க.”

ராஜநாயகம் காமிராவின் கண்ணாடிப் பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரைப் பார்வைதான் பார்த்தார். “இது என்ன வேஷம்? போய்ப் பழைய மாதிரி சீவிக்கிட்டு வா, எடுக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போனார். திரும்பி வந்தபோது முன்னறையில் யாரும் இல்லை. பவுடர் வாசனை மட்டும் மூன்றாவது படிவரைக்கும் இருந்தது.

அவர் ஏறிப் பார்த்தார். நெற்றி முட்டி வீங்கியது. சீலையைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் சுண்ணாம்புச் சுவரும் ஒரு பல்லியும் இருந்தன. பங்குச் சாமியாரிடம் போனார். பெட்டி எடுத்துக்கொண்டு போனாளா என்று சாமியார் கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் அவள் எங்கும் போகவில்லை என்று சொல்லி ஜெபமாலையைக் கையில் கொடுத்து அனுப்பினார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, கடைசியாகப் பார்த்த இடம் எது என்று விசாரித்தார். மாடிப்படி என்று உமர் ஃபாரூக் சாட்சி சொன்னார். போலீஸ்காரர் வெளியே போய்க் கூரையைப் பார்த்தார், உள்ளே வந்து சீலையைப் பார்த்தார், பிறகு தொலைந்ததாக எழுத முடியாது, மேலே இருப்பதாகத்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டார். லூயிசா அழவில்லை. “அவ எவ்வளவு ஆசையாக் கட்டிக்கிட்டு வந்தா தெரியுமா மச்சான்? நீங்க அதுல என்ன கலர் பார்த்தீங்க, சொல்லுங்க,” என்றாள். ராஜநாயகத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று முதல் அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பட்டினப்பாக்கத்திலிருந்து அகஸ்டின் என்ற மீனவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். பெண் குழந்தை, ஞானஸ்நானம் ஆன கையோடு படம் எடுக்க வந்திருந்தார்கள். இரண்டு நாளில் பிரிண்டை வாங்க வந்த அகஸ்டின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், போட்டோ ஷோக்கா கீது. ஆனா மேல ஜன்னல்ல ஒரு அம்மா நின்னுகினு எங்க கொயந்தையப் பாத்து சிரிக்குது. யார் சார் அது?”

ராஜநாயகம் பூதக்கண்ணாடியை எடுத்தார். சீலையில் வெறும் ரோஜாத் திரைதான் இருந்தது. படத்தில் அந்தத் திரையை ஒரு கையால் விலக்கி, இன்னொரு முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றி, மர்சலின் நின்றுகொண்டிருந்தாள். கொண்டை கலையவில்லை. அவள் பல் தெரியச் சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு குழி விழும் என்பதை ராஜநாயகம் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

“என் வீட்டம்மா,” என்றார்.

“அப்ப சரி,” என்று சொல்லி அகஸ்டின் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அங்கே எடுத்த படங்களில் எல்லாம் அவள் இருந்தாள். கோட்டுப் போட்டு முகவாயைத் தூக்கி நிற்கிறவர்களை ராஜநாயகம் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிற்கச் சொல்ல ஆரம்பித்தார், ஜன்னல் மறையக்கூடாது என்று. எழுபதில் அவள் கொண்டை இன்னும் இரண்டு விரல் உயர்ந்தது. எழுபத்தொன்றில் அதை இறக்கிவிட்டு ஒற்றைப் பின்னலுக்கு வந்தாள். அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த நல்லசிவம் வாத்தியார், இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, இரண்டு பேர், ஒருவர் மேலே என்ற பதிலை மறுபேச்சில்லாமல் குறித்துக்கொண்டார். எழுபத்திரண்டு ஐப்பசியில் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் சுயம்புலிங்கம் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டார். பிரிண்டைப் பார்த்தவர் பதறிப்போனார்.

“ஏ, என்ன இது? இந்தச் சேலைக் கட்டு இன்னும் பிரிக்கவே இல்லையே! குடோன்ல கெடக்கு. இந்தம்மாவுக்கு யாரு குடுத்தா?”

யாரும் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் யோசித்தார். கட்டைப் பிரித்து முன்வரிசையில் வைத்தார். தீபாவளிக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. அடுத்த வருஷத்திலிருந்து கொள்முதலுக்கு முன்னால் ஒரு தடவை குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சூரத்துக்கு ரயில் ஏறினார். தையற்காரர் கலீமுல்லா சொந்தப் பூதக்கண்ணாடியோடு வந்து ரவிக்கையின் கழுத்து வெட்டைக் காகிதத்தில் வரைந்துகொண்டு போனார். தியாகராய நகரில் நாளைக்கு எது வரும் என்பது மயிலாப்பூரில் ஒரு ஜன்னலில் முந்தியே தெரிந்துவிடுகிறது என்று பேச்சு பரவியது. அந்த நாலைந்து வருஷத்தில் மர்சலினின் முகம் அடையாறு முதல் மேற்கு மாம்பலம் வரைக்கும் முந்நூறு நானூறு வீட்டுச் சுவர்களில், மற்றவர்களின் தலைக்கு மேலே, சட்டம் போட்டுத் தொங்கியது.

ராஜநாயகம் அவளை இறங்கி வரவைக்க முயற்சி பண்ணாமல் இல்லை. அவள் மேலே போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போலப் பப் கை ஜாக்கெட்டைக் காகிதத்தில் சுற்றிப் படிக்குக் கீழே வைத்தார். தவக்காலம் வரைக்கும் அது அங்கேயே தூசி படிந்து கிடந்தது. கடைசியில் லூயிசா அதைக் கரும்பலகை துடைக்க எடுத்துக்கொண்டு போனாள். மறுவருஷம் அவர் வேறு வழி தெரியாமல் பாண்டி பஜாருக்குப் போய் நடைபாதையில் நின்றார். ஐம்பதை நெருங்குகிற மனிதர் கறுப்புக் கோட்டோடு நின்று போகிற வருகிற பெண்களின் உடையை ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பது நல்லதற்கில்லை என்று கலீமுல்லா ஓடிவந்து தன் கடைக்குள் இழுத்துக்கொண்டார். “நைனா, உதை வாங்காதே. இன்னா வேணும், என்னைக் கேளு,” என்றார். கலீமுல்லாவின் மனைவி அஸ்மத்துன்னிசா உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் அவருக்கு நைலெக்ஸ் துணி எது, வாயில் துணி எது, எந்த நிறத்துக்கு எந்த நிறம் சேராது என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று மாதம் வாரந்தோறும் போய்க் கேட்டார். முகத்தில் பாதியை மறைக்கிற ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை வாங்கி வந்து படிக்குக் கீழே வைத்தார். காலையில் அது அங்கே இல்லை. சனிக்கிழமை எடுத்த ஒரு கல்யாண ஜோடியின் படத்தில் மர்சலின் அதைப் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, பக்கவாட்டில் நின்றிருந்தாள். ராஜநாயகம் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அடுத்து டிரான்சிஸ்டர் வைத்தார். அதுவும் போனது. அன்று முதல் மத்தியானம் மூன்று மணிக்குமேல் சீலைக்கு உள்ளிருந்து இலங்கை ஒலிபரப்பு லேசாகக் கேட்கும். முன்பு அவர் திருகி மூடிய அதே புதுப் பாட்டுகள்தான். பிரிண்டு கழுவுகிற குழாய் சத்தத்தில் பாட்டு அமுங்கிவிடும் என்பதால் அந்த நேரத்தில் குழாயை மூடிவைத்தார்.

இப்படியே நல்லபடியாகப் போயிருக்கும். ஆனால் எழுபத்தைந்து மாசி மாதம் கோடம்பாக்கத்துப் படக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கதாநாயகியின் தாயார் தன் இளமையை நினைத்துப் பார்க்கிற காட்சி, நாற்பதுகளில் நடப்பது, அதற்கு இந்த மாதிரி ஒரு சீலை மெட்ராஸ் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை, மூன்றே நாள் போதும் என்றார்கள். ராஜநாயகத்துக்கு மெய் சிலிர்த்துவிட்டது. தான் நேசித்த காலத்தைக் கடைசியில் யாரோ தேடிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பூரிப்பில் அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. சீலையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, தானும் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். மூன்று நாளும் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளுக்கு நடுவே, அந்தப் படிக்கட்டுக்கு முன்னால், பப் கை போட்ட நாற்பது பெண்கள் ஒரே மாதிரி நெற்றிச் சுருளோடு ஆடினார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண் கலங்கப் பார்த்தார். சொன்ன சொல் தவறாமல் சீலையை ஒரு சுருக்கம் இல்லாமல் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார்கள். ஆனால் ரோஜாத் திரை இருந்த இடத்தில் பச்சை ஜன்னல் கதவுகள் இரண்டும் இறுகச் சாத்தியிருந்தன.

யாராவது மேலே தீட்டிவிட்டார்களோ என்று பேனர் வரைகிற ஷரீஃபைக் கூட்டிவந்து காட்டினார். ஷரீஃப் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். “முப்பது வருசத்து பெயிண்ட்டு சார் இது. வெடிப்பைப் பாரு. புதுசு இல்ல,” என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்காமல் போனார். அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் மர்சலின் இல்லை. பாட்டுச் சத்தமும் நின்றுபோனது. சுயம்புலிங்கம் அந்த வருஷம் குத்துமதிப்பாகக் கொள்முதல் பண்ணி, பாதிச் சரக்கு தேங்கிவிட்டது. லூயிசா வந்து ஜன்னலைப் பார்த்தாள். “உள்ளே ஆள் குடியிருக்கும்போதே வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டுட்டீங்களே மச்சான். அதுவும் எதுக்கு? எது பிடிக்கலைன்னு அவ மேலே போனாளோ, அதையே நாற்பது பேருக்கு மாட்டி அவ வாசல்ல ஆட வச்சு!” என்றாள். ராஜநாயகம் மறுநாள் கோட்டையும் ஒயர் இல்லாத டெலிபோனையும் அந்தப் படக் கம்பெனிக்கே கொடுத்தனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலை பதினோரு மணிக்கு முக்காலியைச் சீலைக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். கூடவே இருந்த பதினெட்டு வருஷத்தில் அவளிடம் அவர் மொத்தமாகப் பேசியது அவ்வளவு இருக்காது. பஸ்ஸில் பார்த்த பெண்ணின் காதில் வளையம்போல் ஒன்று தொங்கியது, அதன் பெயர் தெரியவில்லை என்பார். பையன்களின் கால்சட்டை கீழே யானைக்கால்போல அகலமாகி ரோட்டைப் பெருக்கிக்கொண்டு போகிறது, கிருதா தாடையைத் தொட்டுவிட்டது என்பார். உமர் ஃபாரூக் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். ஒரு நாள், எழுபத்தாறு மழைக்காலம், முக்காலியைச் சீலைக்கு இன்னும் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “அன்னிக்கி நீ கட்டிக்கிட்டு வந்தது ஆரஞ்சு. வெள்ளைப் பூ. நல்லாத்தான் இருந்துச்சு, மர்சலின். நான் பார்க்காமலேயே பேசிட்டேன்,” என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் திறக்கவில்லை. அவர் எழுந்து முக்காலியை ஓரமாக வைத்துவிட்டு, காத்திருந்த பாஸ்போர்ட் படக்காரரைக் கூப்பிட்டார்.

மறுவருஷம் லூயிசாதான் சொன்னாள். “அவளுக்குச் சினிமான்னா உயிர். கல்யாணத்துக்கு அப்புறம் எத்தனை படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பீங்க?” ராஜநாயகம் எண்ணிப் பார்த்தார். ஏழு. ஏழும் திரும்பப் போட்ட பழைய படங்கள். அந்த ஆனி மாதம் அவர் கதவு வைத்த மரப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு டெலிவிஷன் வாங்கினார். கச்சேரி சாலையின் அந்தப் பக்கத்துக்கு அதுதான் முதல் பெட்டி. ஓட்டின்மேல் ஆன்டெனா நட்டு, பெட்டியைப் படிக்குக் கீழே வைத்தார். திங்கள் காலையில் அது வைத்த இடத்திலேயே இருந்தது. செவ்வாயும் இருந்தது. சனிக்கிழமையும் அப்படியே இருந்ததைப் பார்த்து, ஜாக்கெட்டைப்போல இதுவும் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஞாயிறு சாயங்காலம் தெருவே படம் பார்க்க வந்துவிட்டது. உமர் ஃபாரூக் மனைவியோடு வந்தார். அகஸ்டின் வீட்டார் கடற்கரையிலிருந்து நடந்தே வந்தார்கள். லூயிசா பெட்டியின் கதவைத் திறந்து பொத்தானை அழுத்தினாள்.

அன்றைக்குப் போட்டது நாற்பத்தெட்டில் வந்த படம். ராஜநாயகம் வாலிபத்தில் பதினொரு தடவை பார்த்த படம். முதல் பாட்டுக்கு வயலின் எழும்பியபோது, மேலே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. பச்சைக் கதவுகள் திறந்தன. யாரோ படியில் இறங்கி வருவதைக் கேட்டு, பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்காமலேயே நகர்ந்து இடம் விட்டார்கள். மர்சலின் வந்து உட்கார்ந்தாள். சின்னச் சின்னக் கட்டம் போட்ட பாலியெஸ்டர் புடவை. முடியைத் தோள் அளவுக்கு வெட்டியிருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. ராஜநாயகம் அவள் பக்கம் திரும்பி, “பெட்டியை மேலேயே எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே,” என்றார்.

“மேல கரண்ட் இல்லைங்க,” என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டாள். “இதுதான் நீங்க குளிக்கும்போது பாடுற பாட்டா? இத்தனை வருஷமாத் தப்பாப் பாடியிருக்கீங்க. நடுவுல ஒரு வரியே விட்டுப்போச்சு.”

லூயிசா சிரித்துவிட்டாள். ராஜநாயகம் அந்தப் படத்தை அன்று பார்க்கவில்லை. பெட்டியின் நீல வெளிச்சம் மர்சலினின் முகத்தில் கூடுவதையும் குறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மர்சலினும் எழுந்தாள்.

“இருந்து சாப்பிட்டுட்டுப் போயேன்,” என்றார் அவர்.

“என்ன குழம்பு?”

“வஞ்சிரம். லூயிசா வச்சது.”

அவள் சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்றாள். கை கழுவிவிட்டு மேலே போனாள். வெள்ளிக்கிழமை பாட்டு நிகழ்ச்சிக்கு மறுபடியும் இறங்கி வந்தாள், அடுத்த ஞாயிறும் வந்தாள். எழுபத்தெட்டு ஈஸ்டருக்கெல்லாம் தினமும் காலையில் வந்து, பிரிண்டு வேலையைப் பார்த்து, ராஜநாயகத்தோடு ஒன்றிரண்டு சண்டையும் போட்டு, தோன்றினால் தங்கி, தோன்றாவிட்டால் ஏறிப் போவது வழக்கமாகிவிட்டது. சாந்தோம் கோயிலில் பூசைக்கு அவளைப் பார்த்தவர்கள் எங்கே இத்தனை நாளாக என்று கேட்கவில்லை, இந்தப் புடவை எங்கே வாங்கினீர்கள் என்றுதான் கேட்டார்கள். கத்திரி வெயில் நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மேலேதான் படுப்பாள். அங்கே கடல்காற்று உண்டு. அந்த நேரத்தில் படம் எடுக்க வருகிறவர்கள் சத்தமாகப் பேசினால், ராஜநாயகம் காமிராத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுப்பார்.

“மெல்லப் பேசுங்க,” என்பார். “மேல தூங்குறா.”

வந்தவர்களும் ஒரு தடவை ஜன்னலை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.